விளக்கை அணைத்த பிறகு நம் வளவுக்கு வருபவர்கள்

(திருகோணமலையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசைப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வணக்கம், ஏனென்றால் நான் சொல்லப்போவதை இன்றிரவே செய்து பார்க்கக்கூடியவர்கள் நீங்கள்தான்.

வில்பத்துவுக்கோ மின்னேரியாவுக்கோ ஜீப் பிடித்துப் போய்ப் பார்க்கிற விலங்குகளைப் பற்றிப் பேச நான் வரவில்லை. உங்கள் வளவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நாடகம் முடிந்து, கேட்டைப் பூட்டி, விறாந்தை லைட்டையும் அணைத்துவிட்டு நீங்கள் படுத்த பிறகு கிணற்றடியிலும் மதில்மேலும் யார் நடமாடுகிறார்கள் என்பதைப் பற்றி. அந்த வளவுக்கு உறுதி உங்கள் பெயரில் இருக்கலாம், ஆனால் பாதி நேரம் அதில் வாழ்கிறவர்களை நீங்கள் பார்த்ததே இல்லை என்றால் அது ஒரு பெரிய இழப்பு என்று நான் நினைக்கிறேன்.

நம் ஊரின் அமைப்பே இதற்கு வசதியானது. ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் உட்துறைமுகம், நடுவில் ஒடுங்கிய நிலத்தில் நகரம். பிரட்றிக் கோட்டைக்குள்ளும் உவர்மலைச் சரிவிலும் துறைமுகக் கரையோரத்திலும் இன்னும் பெரிய மரங்கள் நிற்கின்றன. அந்த மரங்களுக்கும் உங்கள் வீட்டு மாமரத்துக்கும் இடையே ஒவ்வோர் இரவும் ஒரு போக்குவரத்து நடக்கிறது. கொழும்பைப் பாருங்கள், அவ்வளவு நெரிசலான நகரத்தில்கூட சதுப்பு நிலங்களில் மீன்பிடிப் பூனை வாழ்கிறது, இரவில் வீட்டுத் தோட்டத்து மீன் தொட்டிக்கு வந்து போகிறது. 2018 இல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநில ஒப்பந்தத்தின் கீழ் கொழும்பை ஈரநில நகரமாக அங்கீகரித்தார்கள். நமக்கு அப்படி ஒரு பட்டம் இல்லாமல் இருக்கலாம், விருந்தாளிகளுக்குக் குறைவில்லை.

மானை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் கேட்பீர்கள். வெளியூர்க்காரர் பஸ்ஸால் இறங்கியதும் வாயைப் பிளப்பது இதற்குத்தான், ஊருக்கு நடுவே புள்ளிமான்! கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் நிற்கும், மக்கெய்சர் மைதானப் பக்கம் மேயும், இரவானால் டச்சுக் குடா மணலில் படுத்து அசைபோடும். நமக்கு இது பழகிவிட்டது, பழகியதால் பார்ப்பதையே விட்டுவிட்டோம். அடுத்தமுறை ஓர் ஆண்மானைக் கண்டால் கொம்பை மட்டும் உற்றுப் பாருங்கள். சில மாதங்களில் அது மெத்தென்ற மயிர்த்தோல் போர்த்தியிருக்கும், உள்ளே இரத்தம் ஓடும், வளர்ந்துகொண்டிருக்கும். பிறகு அந்தத் தோல் உரிந்து கெட்டி எலும்பாகும். ஒரு கட்டத்தில் அதுவும் உதிர்ந்து புதிது முளைக்கும். மாட்டுக் கொம்பு அப்படி இல்லை, வாழ்நாள் முழுக்க அதே கொம்புதான்.

இந்த மான்களுக்கு நாம் செய்கிற கொடுமையையும் சொல்லியே ஆக வேண்டும். மானின் வயிற்றில் நான்கு அறைகள். சோறும் கறியும் மணக்கிற பொலித்தீனை அது தின்றால் முதல் அறையிலேயே தங்கிவிடும், கரையவும் கரையாது, கீழே போகவும் போகாது. சேரச் சேர வயிறு நிறைந்ததுபோல இருக்கும், மான் மேய்வதைக் குறைத்துக்கொண்டே வந்து பட்டினியில் சாகும். சோறு கட்டுகிற லஞ்ச் சீட்டுக்கு இந்த நாட்டில் 2017 செப்டெம்பரிலேயே தடை வந்தாயிற்று. 1937 இலிருந்து வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. ஆனால் இரவு பத்து மணிக்குக் குப்பைப் பையை மதிலுக்கு வெளியே வைக்கிற கையை எந்தச் சட்டமும் வந்து பிடிக்காது. குப்பை வண்டி விடியத்தான் வரும் என்றால் பையையும் விடியவே வையுங்கள். இவ்வளவுதான் நான் கேட்பது.

சரி, இனி எனக்கு மிகவும் பிடித்த ஆளிடம் வருகிறேன். மரநாய்.

பெயரில்தான் நாய், நாய்க்கும் அதற்கும் சொந்தம் இல்லை. பூனையைவிட நீளமான உடம்பு, உடம்பளவுக்கே வால், முகத்தில் கறுப்புத் துணி கட்டியதுபோல ஒரு கறுப்பு, முதுகில் வரிசையாகப் புள்ளிகள். பெரும்பாலான பேருக்கு இது சீலிங்கில் கேட்கிற சத்தமாக மட்டுமே தெரியும், “பேய் ஓடுது” என்று பயந்தவர்களும் இந்த மண்டபத்தில் இருப்பீர்கள். எங்கள் வீட்டில் ஒரு பப்பாசி மரம் மதிலோடு ஒட்டி நிற்கிறது. அதில் பழம் மஞ்சள் அடிக்கத் தொடங்கினால் நான் பின்கதவுப் படியில் லைட் இல்லாமல் உட்கார்ந்துவிடுவேன். முதலில் மணம்தான் வரும், கிட்டத்தட்ட ரம்பை இலையின் மணம். அப்புறம் மதில் விளிம்பில் ஒரு நிழல். நடக்கும், நிற்கும், ஒரு முன்காலைத் தூக்கியபடியே காற்றை மோந்து பார்க்கும், திரும்ப நடக்கும். மரத்துக்குத் தாவியதும் காய்களை எல்லாம் கடித்து நாசமாக்குவதில்லை. ஒவ்வொன்றாக மூக்கை வைத்துப் பார்த்து, பழுத்ததில் மட்டும், அதிலும் கனிந்த பக்கத்தில் மட்டும் வாயை வைக்கும். ஒரு பழத்துக்குள் முகத்தை முழுவதும் விட்டு அது தின்கிற சத்தம் படியில் இருக்கிற எனக்குக் கேட்கும். தின்று முடித்துக் கையை நக்கித் துடைத்துவிட்டு வந்த வழியே போய்விடும்.

விடிந்ததும் மதில்மேல் போய்ப் பார்த்தால் அது விட்டுப்போன எச்சம் இருக்கும், முழுக்க முழுக்க விதை. கொட்டையைக் கடிக்காமல் விழுங்கி, அரை மைல் ஒரு மைல் தள்ளி எரு போட்டு விதைத்துவிட்டுப் போகிற தோட்டக்காரன் அது. யாரும் நடாத இடத்தில் கொய்யா முளைத்து நின்றால் பழந்தின்னிகள் பக்கம் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பழம் இல்லாத நாளில் எலி, பூச்சி, தவளை எல்லாம் தின்னும். பனங்கள்ளு முட்டியிலும் வாய் வைக்கும், அது உண்மைதான்.

இந்த விலங்குக்கு நஞ்சு வைக்கிறார்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இரண்டு பப்பாசிக்காக! உச்சியில் இருக்கிற இரண்டை விட்டுவிட்டு மற்றதை ஒரு பழைய சாக்கால் கட்டி மூடினால் அது தொடாது.

வௌவாலுக்கும் அதே பேச்சுத்தான். பின்னேரம் இருட்டுகிற நேரத்தில் வானத்தைப் பார்த்தால் பெரிய பழவௌவால்கள் சிறகை மெதுவாக அடித்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போவது தெரியும். இரண்டு சிறகையும் விரித்தால் ஒரு மீட்டருக்கும் மேலே வரும். இவை ஒலியை அனுப்பி எதிரொலி கேட்டு வழி பிடிப்பதில்லை, அது பூச்சி பிடிக்கிற சின்ன வௌவால்களின் வேலை. பழவௌவாலுக்குக் கண்ணும் மூக்கும் போதும். பழத்தை மென்று சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும். காலையில் ஜம்பு மரத்தடியில் உருண்டை உருண்டையாகக் கிடப்பது அதுதான். ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டி. அதனால் ஒன்று மின்கம்பியில் அடிபட்டுத் தொங்கினாலோ, பழமரத்துக்குப் போட்ட நைலோன் வலையில் சிக்கிச் செத்தாலோ அந்த இழப்பை ஈடு செய்வது அவற்றுக்கு லேசில்லை. வாழைப்பொத்தி விரிகிற இரவில் பக்கத்தில் நின்று பாருங்கள். சின்ன வௌவால் ஒன்று கண் இமைக்கிற நேரம் பூவில் தொங்கி, தேனை நக்கி, நெற்றியெல்லாம் மகரந்தத்தோடு பறந்துபோகும்.

எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். கமரா தேவையில்லை, ஆயிரக்கணக்கில் செலவும் தேவையில்லை. முதலில் எல்லா லைட்டையும் அணைக்க வேண்டும், போனையும் உள்ளே வைத்துவிட்டு வர வேண்டும். நம் கண் இருட்டுக்கு நன்றாகப் பழக இருபது முப்பது நிமிடம் எடுக்கும், இடையில் ஒருமுறை போனைப் பார்த்தால் திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான். டோர்ச் வேண்டும் என்றால் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள், இரவு விலங்குகளில் பலவற்றுக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகப் படாது. தேவாங்கைத் தேடுகிற ஆய்வாளர்களும் சிவப்பு வெளிச்சத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று பார்த்து, நம் வாடை மரத்தின் பக்கம் போகாதபடி கதிரையைப் போடுங்கள். நுளம்புக்கு முழுக்கைச் சட்டை. பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். சாதாரண டோர்ச்சை நெற்றிப் பக்கத்தில், கண் மட்டத்தில் பிடித்துக்கொண்டு புல்லைப் பாருங்கள். பச்சையாகவும் நீலமாகவும் பொட்டுப் பொட்டாக மின்னும். பனித்துளி என்று நினைப்பீர்கள், கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால் அது சிலந்தியின் கண்!

காலில் செருப்புப் போதாது, மூடிய சப்பாத்துப் போடுங்கள். நான் பயங்காட்டவில்லை, ஆனால் கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் பெரும்பாலும் இரவில்தான் நடமாடும். கட்டு விரியன் கடித்தால் பல நேரம் வலியே இருக்காது, நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவர்கள் கடிபட்டது தெரியாமலே தூங்கிவிடுவதும் உண்டு. கடி என்று சந்தேகம் வந்தாலே கட்டுப் போடாமல், கீறாமல், நேரே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே மருந்து இலவசம்.

இப்போது நான் கொஞ்சம் சண்டை பிடிக்கப் போகிறேன். சண்டை மதிலோடும் லைட்டோடும். முன்பு இந்த ஊரில் வேலி இருந்தது. பூவரசும் கிளுவையும் நட்டு, கிடுகோ மட்டையோ கட்டிய வேலி. அதன் அடியில் கீரி, ஆமை, தவளை எல்லாம் போய் வரும். இன்றைக்கு ஆறடி மதில், நிலத்துக்கு அடியிலும் அத்திவாரம். மேலே உடைந்த போத்தல் துண்டுகளைப் பதித்திருக்கிறோம். கள்ளன் அதன்மேல் சாக்கைப் போட்டுவிட்டு ஏறிவிடுவான், காலை வெட்டிக்கொள்வது ஒவ்வோர் இரவும் அந்த வழியாக நடக்கிற மரநாய்தான். புதிதாக மதில் கட்டுகிறவர்கள் அடியில் ஒரு கொங்கிறீற் கல் அளவுக்கு ஓர் ஓட்டை விடச் சொல்லி மேசனிடம் கேளுங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இரண்டு வளவையும் சேர்த்து வைக்க அது போதும்.

லைட் விஷயம் இதைவிட மோசம். எல்.ஈ.டி. மலிந்த பிறகு இரவு முழுவதும் வளவைப் பகல்போல வைத்திருக்கிறோம். விட்டில்கள் பூவுக்குப் போகாமல் பல்பைச் சுற்றியே செத்து விழுகின்றன, பவளமல்லிகை யாருக்காக இரவில் பூக்கிறது என்று எனக்கு வருத்தமாக இருக்கும். பாதுகாப்புக்கு லைட் வேண்டும் என்றால் ஆள் வந்தால் மட்டும் எரிகிற சென்சர் லைட்டை, நிலத்தைப் பார்த்துத் திருப்பி, மஞ்சள் வெளிச்சத்தில் போடுங்கள். ஆந்தை கத்தினால் சாவு வரும் என்று சொல்லி அதற்கும் லைட் அடித்துக் கல்லெறிகிறோம். அது எலியும் வண்டும் பிடிக்க வந்திருக்கிறது, நம் வீட்டுக் கணக்கு எதுவும் அதற்குத் தெரியாது.

சாப்பாடு வைக்கலாமா என்றால், வேண்டாம். மானுக்குப் பணிஸ் கொடுத்துப் போட்டோ எடுப்பது அன்பு இல்லை. மாப்பண்டம் அதன் வயிற்றைப் புளிக்க வைக்கும், மனிதரைத் தேடி றோட்டுக்கு வரவும் பழக்கும். தண்ணீர் வைக்கலாம். கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் கட்டாயம் வையுங்கள், ஒரு அகலமான மண்சட்டியில், ஏறி வர ஒரு கல்லும் போட்டு. ஆனால் ஒவ்வொரு காலையும் ஊற்றிவிட்டுச் சட்டியை உரஞ்சிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் டெங்கு நுளம்பைத்தான் வளர்ப்பீர்கள்.

கேள்வி நேரத்தில் ஓர் அம்மா எழுந்து, “தம்பி, எங்கட சீலிங்குக்குள்ள மரநாய் குட்டி போட்டிருக்கு, இரவில நித்திரை இல்லை, என்ன செய்யிறது?” என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். ஓட்டையை இப்போதே அடைத்தால் தாய் வெளியே, குட்டிகள் உள்ளே என்று ஆகிவிடும், பிறகு சத்தத்துக்குப் பதில் நாற்றம் வரும். புகையும் போட வேண்டாம், கையாலும் தொட வேண்டாம், யாரையாவது கடித்துவிட்டால் நீர்வெறுப்பு ஊசிக்கு ஆஸ்பத்திரி போக வேண்டி வரும். குட்டிகள் இரண்டு மாதம் போலப் பால் குடிக்கும், அதன்பின் தாயோடு வெளியே இறங்கத் தொடங்கும். அதுவரை பொறுத்திருங்கள் அம்மா. பிறகு அந்த ஓட்டை வாயில் கொஞ்சம் சாம்பலைத் தூவி வையுங்கள். சில நாட்கள் கால் தடமே விழவில்லை, சத்தமும் இல்லை என்றால் வீடு காலி, அப்போது கம்பி வலை அடித்து மூடலாம். ஓட்டுக்கு மேலே சாய்ந்து நிற்கிற மாங்கொப்பையும் வெட்டிவிட்டால் திரும்ப ஏற வழி இருக்காது. வெட்டுவதற்கு முன் அந்தக் கொப்பில் அணில் கூடு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள்.