கோச்சோட முதல் வேலை கேக்குறது

வணக்கம்ங்க. மதுரையில ஒரு சுகர் கிளினிக்ல பதினோரு வருஷமா ஹெல்த் கோச்சா இருக்கேன். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுப்பாரு, அதுக்கப்புறம் வீட்ல என்ன நடக்குதுன்னு உக்காந்து கேக்குறதுதான் என் வேலை. கேக்குறது. இன்னைக்கு இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப் போறேன், பொறுத்துக்கோங்க.

ஒரு அம்மா வருவாங்க, 62 வயசு. மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற HbA1c டெஸ்ட்ல 9%-க்குக் கீழ இறங்கவே இல்ல. "ரெண்டு கரண்டி சோறுதான் தாயி சாப்பிடுறேன்"னு சொல்வாங்க, பொய் சொல்ற ஆளும் இல்ல. வீட்ல எல்லாரும் திட்டியாச்சு, நானும் ஆரம்பத்துல சார்ட்டைக் காட்டிப் பாடம்தான் எடுத்தேன். ஒரு நாள் அதை ஓரமா வச்சுட்டு, காலைல எந்திரிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும் என்ன பண்றீங்கன்னு சும்மா சொல்லுங்கம்மான்னேன். வாசல் தெளிக்கிறது, காப்பி, பேரனை ஸ்கூல் வேன்ல ஏத்துறதுன்னு ஒவ்வொண்ணா வந்துச்சு, கடைசியில ராத்திரி. "பாத்திரம் கழுவுறப்ப பிள்ளைக மிச்சம் வச்ச சோத்தைக் கொட்ட மனசு வராது தாயி, வழிச்சு வாயில போட்டுக்குவேன்"னாங்க. அதை அவங்க சாப்பாட்டுக் கணக்குலயே சேக்கல! ஒரு பருக்கை கீழ விழக்கூடாதுன்னு வளந்தவங்ககிட்ட போய் கொட்டுங்கன்னு நான் எப்படிச் சொல்ல? என்ன பண்ணலாம்னு அவங்களையே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "உலையில போடுறப்பவே அரை ஆழாக்கு அரிசி கம்மி பண்ணிடுறேன்." நான் சொல்லியிருந்தா ஒரு வாரம் செஞ்சுட்டு விட்டிருப்பாங்க, அவங்க வாயாலயே வந்ததால நிலைச்சுது. நாலு மாசத்துல 7.8.

அதான் சொல்றேன், கேக்கணும். அமெரிக்காவுல 2002-ல வெளிவந்த பெரிய ஆய்வு ஒண்ணு இருக்கு, சுகர் வர்றதுக்கு முந்தின கட்டத்துல இருந்தவங்களுக்கு கோச் வச்சு, வாரம் 150 நிமிஷம் நடை, 7% எடை குறைக்கிறதுன்னு கூடவே நின்னாங்க, சுகர் வர்றது 58% குறைஞ்சுது, மாத்திரை மட்டும் எடுத்தவங்களுக்கு 31%தான். நம்ம நாட்டுல நடந்து 2006-ல வந்த ஆய்வுலயும் சாப்பாடு, நடை மாத்தினவங்களுக்கு 28.5% குறைஞ்சுது.

2021-ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே வந்து பிரஷர் பாக்குறாங்கல்ல, அந்தத் தன்னார்வலர் அக்காங்ககிட்டயும் மறைக்காம பேசுங்க, மாத்திரை வாங்குறதோட நிறுத்திடாதீங்க.

தூக்கத்தைப் பத்தியும் பேசணும்னு குறிச்சு வச்சிருந்தேன், டைம் ஆச்சுன்னு கை காட்டுறாங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன், சுகர் இறங்கிடுச்சேன்னு மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, என்னை மாதிரி கோச் சொன்னாலும் நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க. வணக்கம்.