முதலில் அவனிடம் போ

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

யூதர்களின் வேதமான தோராவின் மூன்றாவது புத்தகமான லேவியராகமத்தைத் திறக்கிறவர்களில் பாதிப்பேர் நாலு பக்கத்தில் மூடிவிடுவார்கள். காளை, கடா, இரத்தம், கொழுப்பு என்று வரிசையாக வந்தால் யாருக்குப் பொறுமை இருக்கும்? எருசலேம் ஆலயத்தை ரோமர்கள் கி.பி. 70இல் இடித்துவிட்டார்கள். பலி நின்றே போயிற்று. ஆனால் யூதர்கள் அந்தச் சட்டங்களைப் படிப்பதை நிறுத்தவில்லை. ஏன் என்பதற்கு, அந்த நீளமான பட்டியலிலிருந்து ஒரு பலியைச் சொன்னால் போதும்.

குற்றநிவாரண பலி. ஒருவன் பக்கத்து வீட்டுக்காரர் நம்பிக் கொடுத்துவைத்த பொருளை வைத்துக்கொண்டு, "நீங்கள் தரவே இல்லையே" என்கிறான். அல்லது வழியில் கிடந்ததை எடுத்துவிட்டு, "நான் பார்க்கவே இல்லை" என்று சத்தியம் பண்ணுகிறான். நாளாக ஆக மனசு உறுத்துகிறது. இப்போது அவனுக்கு என்ன தோன்றும்? நல்ல கடாவாகப் பார்த்து ஆலயத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் தோன்றும். கடவுள் எதிர்க்கேள்வி கேட்கமாட்டார். ஏமாந்தவன் முகத்தில் விழிப்பதுதான் கஷ்டம்.

லேவியராகமம் 6ஆம் அதிகாரம் இந்தக் குறுக்குவழியை அடைத்துவிடுகிறது. எடுத்ததை முழுதாகக் கொடு, அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடு என்கிறது. வசனப்படி கணக்குப் போட்டால் 100 காசுக்கு 120. கடாவைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான் வருகிறது. அந்தக் கூடுதல் எனக்குப் பிடித்திருக்கிறது. பறிகொடுத்தவன் அத்தனை நாளும் பட்ட பாட்டுக்கு ஏதாவது பதில் வேண்டாமா?

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா இன்னும் கறாராக இருக்கிறது. நீ எடுத்தது ஒரு பெருத்தாவாக இருக்கட்டும். அது செப்புக்காசு, நாணயங்களிலேயே சிறியது. பொய்ச்சத்தியமும் செய்திருந்தால், உரியவன் மேதியா தேசத்துக்கே போயிருந்தாலும் தேடிப்போய் அவன் கையில் கொடு என்கிறது. மேதியா இன்றைய ஈரானில் இருக்கிறது. எருசலேமிலிருந்து அங்கே போய்வரும் செலவில் எத்தனை பெருத்தா போகும் என்று யோசித்துப் பாருங்கள்! யூதர்களின் பாவப்பரிகார நாளான யோம் கிப்பூருக்கும் இதே கண்டிப்புதான். சக மனிதனுக்குச் செய்த தீங்குக்கு, அவனைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாள் பரிகாரம் ஆகாது.

வசதியில்லாதவன் என்ன செய்வான் என்று கேட்பீர்கள். சில பாவநிவாரண பலிகளுக்கு 5ஆம் அதிகாரம் வழி சொல்கிறது. ஆடு முடியாதா, இரண்டு புறா. அதுவும் முடியாதா, எப்பா என்ற பழைய முகத்தல் அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு. சுமார் 2 லிட்டர் வரும். எண்ணெய் வேண்டாம், தூபவர்க்கம் வேண்டாம்.

நன்றிப் பலி வேறு மாதிரி. ஆபத்திலிருந்து தப்பியவன் ஆட்டோடு 40 ரொட்டி கொண்டுவருவான். அதில் 4 ஆலயப் பூசாரியான ஆசாரியனுக்கு. மீதி 36ஐயும் இறைச்சியையும் அன்றே தின்று தீர்க்க வேண்டும், மறுநாளுக்கு வைக்கக்கூடாது. நள்ளிரவோடு முடித்துவிடு என்று யூதச் சட்ட அறிஞர்களான ரபிகள் கெடு வைத்தார்கள். ஒரு வீட்டுக்காரர்களால் ஆகிற காரியமா? அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும். கூப்பிட்டால், என்ன நடந்தது, எப்படிப் பிழைத்தாய் என்று கேட்கத்தானே செய்வார்கள்? அதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று உரைகாரர்கள் சிலர் எழுதுகிறார்கள்.

கடைசியாகச் சாம்பல். விடியும் முன்னே பலிபீடத்துச் சாம்பலை அள்ளுவது ஆசாரியரின் முதல் வேலை. சாம்பல் அள்ளுவதற்கா போட்டி என்று நினைப்போம். இருந்திருக்கிறது! பீடத்தின் சரிவுப் பாதையில் ஓடி, யார் முந்துகிறாரோ அவருக்கே அந்த வேலை என்று வைத்திருந்தார்களாம். ஒருநாள் இருவர் சரிசமமாக ஓட, ஒருவர் மற்றவரைத் தள்ளிவிட, விழுந்தவருக்குக் கால் ஒடிந்தது. பக்தி வேகத்தில் நடந்துவிட்டது என்று நீதிமன்றம் சும்மா விடவில்லை. ஓட்டத்தையே நிறுத்திவிட்டு, அன்று முதல் ஆசாரியர்களை நிற்கவைத்து, விரல் நீட்டச்சொல்லி, எண்ணிப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள்.