ஈரத்தலைக்கு எந்த ஹேர் டிரையர்? டெல்டா வீடுகளுக்கு ஒரு விளக்கம்

[காட்சி: அடைமழை. தாழ்வாரத்துக் கொடியில் ஈரத்துணி.]

ஐப்பசி பொறந்துட்டா நம்ம பக்கம் கொடியில போட்ட பாவாடை மூணு நாளானாலும் காயாது. துணிக்கே அந்தக் கதின்னா, இடுப்பு வரைக்கும் தொங்குற தலைமுடியைக் கேக்கவே வேணாம். மாயவரத்துல துலா முழுக்குக்கு விடியக்காலம் காவிரியில இறங்கி ஏறினவங்க, தீபாவளிக்கு இருட்டோட எண்ணெய் தேச்சுக் குளிச்சவங்க, எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுற காலேஜ் பொண்ணுங்க, எல்லாருக்கும் ஒரே தொல்லை. ஈரத்தோட சடை பின்னிக் கிளம்பினா, சாயங்காலம் அவுக்கும்போது ஒரு முடை வாடை வரும் பாருங்க. இந்தப் பக்கத்துப் பொம்பளைங்களுக்கு அதைச் சொல்லி விளக்க வேண்டியதில்ல.

அதனாலதான் ஹேர் டிரையர். "அதெல்லாம் பார்லர்காரங்களுக்கு"ன்னு சொன்ன வீடுகள்லயே இப்ப பீரோவுக்குள்ள ஒண்ணு கெடக்கு. ஆனா பாதி வீட்ல முடிக்குப் பொருந்தாததா இருக்கும். கடையில நடக்குற பேச்சே இவ்வளவுதான்.

"தம்பி, பொண்ணுக்கு ஹேர் டிரையர் வேணும். எது நல்லாருக்கும்?"

"இத எடுத்துக்கங்கக்கா. ரெண்டாயிரம் வாட்ஸ், அயனிக். சட்டுனு காஞ்சுடும்."

பொண்ணுக்கு மெல்லிசு முடியா, சுருட்டையான்னு தம்பி கேக்கல. அக்காவும் சொல்லல. வீட்ல எந்தப் பிளக்குல சொருகப் போறாங்கங்கிற பேச்சே எடுக்கல. இந்த வீடியோவுல அந்த ரெண்டையும்தான் பார்க்கப் போறோம்.

[காட்சி: டிரையரின் பின்பக்க வலை, உள்ளே சுருண்டிருக்கும் கம்பி, முன்வாய்.]

முதல்ல இது எப்படிக் காய வைக்குதுன்னு பார்த்துடலாம். பின்னாடி ஒரு சின்ன ஃபேன், அதுக்கு முன்னாடி நிக்ரோம் கம்பிச் சுருள். ஃபேன் காத்தை இழுக்குது, கம்பி சூடாக்குது. சூட்டுக்கு ஈரம் ஓடிடும்னு நாம நினைக்கிறோம். அதுல பாதிதான் உண்மை. மழைநாள்ல காத்து 26 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம்னு வெச்சுக்கங்க. அந்தக் காத்துல இனிமே தண்ணியை வாங்கிக்க இடமே இல்ல, அதான் முடி காயல. அதே காத்தை 60 டிகிரிக்குச் சூடாக்கினா, உள்ள இருக்குற தண்ணி அதே அளவுதான், ஆனா ஈரப்பதம் 15 சதவீதத்துக்குப் பக்கத்துல இறங்கிடும். இப்ப அது தாகமெடுத்த காத்து. முடியைத் தொட்டாலே ஈரத்தை உறிஞ்சிக்கும். பிள்ளை பெத்தவளைக் குளிப்பாட்டி, தணல்ல சாம்பிராணி போட்டு, கூடையைக் கவுத்து அது மேல முடியைப் பரப்பி விடுவாங்களே, அங்கயும் தணல் சூடு இந்த வேலையைத்தான் செஞ்சுது.

இதுல இருந்து ஒரு விஷயம் புரியும். கார்த்திகை மழையில டிரையரைக் குளிர்காத்துல வெச்சு எவ்வளவு நேரம் ஊதினாலும் பெருசா காயாது. அதே குளிர்காத்து சித்திரை வெயில்ல அமோகமா வேலை செய்யும், ஏன்னா வெளிக்காத்தே அனலாத்தான் இருக்கு. ஒரே முடிக்கு, ஒரே வீட்ல, மாசத்துக்கு மாசம் வேற வேற சூடு தேவைப்படுது. அதனால நான் டிரையரைக் கையில எடுத்தா முதல்ல தேடுறது வாட்ஸை இல்ல, சுவிட்சை. சூட்டுக்குத் தனி சுவிட்ச், வேகத்துக்குத் தனி சுவிட்ச் இருக்கணும். விலை கம்மியான மாடல் பலதுல ஒரே சுவிட்சுதான். ஒண்ணுல வெச்சா மெதுவா லேசான சூடு, ரெண்டுல வெச்சா வேகமா கொதிக்கிற சூடு. 'வேகமான காத்து, மிதமான சூடு' அதுல கிடைக்கவே கிடைக்காது. முடிக்குக் கெடுதல் இல்லாம சீக்கிரம் காயறதே அந்தச் சேர்க்கையிலதான்.

[காட்சி: சீப்பில் உதிர்ந்த ஒரே ஒரு முடி, வெள்ளைத்தாள் மேல்.]

அடுத்தது, உங்க முடி எந்த ரகம்? சீப்புல சிக்கின ஒரு முடியை எடுங்க. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு உருட்டுங்க. கையில எதுவும் இருக்குறதே தெரியலையா, மெல்லிசு முடி. நூல் மாதிரி நெருடுதா, தடிச்ச முடி. இது ஒவ்வொரு முடியோட பருமன். தலையில எவ்வளவு நெருக்கமா இருக்குங்கிறது வேற கணக்கு. மெல்லிசு முடியே அடர்த்தியா வளர்ந்து, கொண்டை போட்டா ஒரு கைக்குள்ள அடங்காதவங்க நம்ம ஊர்ல நிறைய பேர். அவங்க "எனக்குத் தடிச்ச முடி"ன்னு நினைச்சு அதிக சூட்டை வாங்கித் தலையில கொட்டிக்கிறாங்க.

மெல்லிசு முடிக்கு 1000, 1200 வாட்ஸ் போதும். சூடு மிதமா, வேகமும் நடுத்தரமா. இந்த முடி சீக்கிரம் காயும், சீக்கிரம் கருகவும் செய்யும். நனைஞ்ச முடிக்குள்ள தண்ணி நிக்கிறப்போ ரொம்பக் கிட்டத்துல கடும் சூடு காட்டினா, உள்ள இருக்குற தண்ணி ஆவியாகிக் குமிழ் விடும். அந்த இடத்துல முடி பொசுக்குனு ஒடியும். நுனி வெடிப்புன்னு நாம நினைக்கிறதுல கொஞ்சம் இந்தக் குமிழ் வேலையாவும் இருக்கலாம்.

நீளமான, அடர்த்தியான முடிக்கு 1600ல இருந்து 2000 வாட்ஸ். இதுக்குச் சூட்டை விட முக்கியம் காத்தோட வேகம். வெளியில காஞ்ச மாதிரி தெரியும், பிடரிக்கிட்ட கையை விட்டுப் பார்த்தா சொதசொதன்னு இருக்கும். அதனால நாலு பாகமாப் பிரிச்சு கிளிப் போடுங்க. தலையைக் கவுத்துக்கிட்டு, முதல்ல வேர்ப்பகுதி, பிடரி, காதுக்குப் பின்னாடி. நுனி கடைசியில. நுனிதான் வயசான முடி. இடுப்பைத் தொடுற முடின்னா அதுக்குக் கிட்டத்தட்ட அஞ்சு வருஷ வயசு இருக்கும், அதுக்கு ரொம்பச் சூடு ஆகாது. சீப்பு மாதிரி பல்லு வெச்ச முனை இருந்தா இந்த முடிக்கு வசதி. இன்னொண்ணு, டிரையரோட கனம். கடையில ரெண்டு நிமிஷம் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. தோள்பட்டை கடுத்துச்சுன்னா அது எவ்வளவு நல்ல டிரையரா இருந்தாலும் பீரோவுக்குத்தான் போகும்.

சுருட்டை முடிக்காரங்க வாட்ஸைப் பத்திக் கவலையே பட வேணாம். உங்களுக்கு வேண்டியது டிஃப்யூஸர்.

[காட்சி: கிண்ணம் போன்ற டிஃப்யூஸர், அதன் விரல்கள், ஓட்டைகள்.]

அகலமான கிண்ணம் மாதிரி, உள்ள விரல் விரலா நீட்டிக்கிட்டு இருக்குமே, அதுதான். ஒரே இடத்துல பாயுற காத்தை இது பரப்பி விடும். சுருள் கலையாது. வேகத்தைக் குறைச்சு, மிதமான சூட்டுல, முடியைக் கிண்ணத்துல ஏந்தி மண்டைப்பக்கமாத் தூக்கி, அப்படியே கொஞ்ச நேரம் வெச்சுக்கணும். சீப்பு கூடாது, கையால கோதவும் கூடாது. ஏன்னா முடி நனையும்போது உள்ள இருக்குற ஹைட்ரஜன் பிணைப்பு அவுந்துடும், காயும்போது திரும்பக் கட்டிக்கும். எந்த வடிவத்துல காயுதோ அந்த வடிவத்துலயே நிக்கும். காயற நேரத்துல சீவினா சுருளும் போச்சு, நேராவும் ஆகாது, பரட்டையா நிக்கும். டிஃப்யூஸர் பெட்டியோடயே வருதான்னு பாருங்க. தனியா வாங்கினா உங்க டிரையர் வாய்க்குச் சேராம போகலாம்.

சுருட்டையை டிரையர் வெச்சு நேராக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கும் அதே ஹைட்ரஜன் பிணைப்புதான் பதில். காத்துல இருக்குற ஈரமே அதை அவுக்கப் போதும். மார்கழிப் பனியில கும்பகோணத்துல நேராக்கிட்டுக் கிளம்பினா, மாயவரம் பஸ் ஸ்டாண்டு வர்றதுக்குள்ள முடி தன் சுபாவத்தைக் காட்டிடும்.

சாயம் போட்ட முடி, ஸ்ட்ரெயிட்டனிங் பண்ணின முடி ரெண்டும் ஏற்கனவே மேல்செதில், அதாவது முடியை மூடியிருக்குற செதில் அடுக்கு, தூக்கிக்கிட்டு நிக்கிறது. எப்பவும் குறைஞ்ச சூடு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புத்தண்ணியில குளிக்கிறவங்க முடி சொரசொரன்னு ஆகுதுன்னு டிரையரைத் திட்டுவாங்க. கடைசியா ஒரு செம்பு நல்ல தண்ணியில அலசிட்டுப் போட்டுப் பாருங்க. ஆம்பளைங்க கிராப்புக்கு ஈரிழைத் துண்டே போதும், ஆசைன்னா சின்னதா ஒண்ணு. சின்னப் பிள்ளைங்களுக்குக் கையைக் குறுக்க வெச்சு, உங்க கை தாங்குற சூட்டுல மட்டும்.

இங்க ஒரு சந்தேகம் வரும். "டிரையரே போடாம தானா காய விடுறதுதானே முடிக்கு நல்லது?" 2011ல கொரியாவுல இதைச் சோதிச்சுப் பார்த்து வெளியிட்டாங்க. முடிக்கற்றைகளை 30 தடவை ஷாம்பு போட்டு, சிலதைத் தானா காய விட்டாங்க, சிலதை வேற வேற தூரத்துல டிரையர் காட்டினாங்க. 15 செ.மீ. தூரத்துல சூடு 47 டிகிரி. 5 செ.மீ. கிட்டத்துல 95 டிகிரி. கிட்டக் காட்டினதுல மேல்செதில் நல்லா சேதமாச்சு, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, தானா காய விட்ட முடியில உள்சவ்வு, அதாவது முடியோட செல்களை ஒட்டி வெச்சிருக்குற சவ்வு, சேதமாகி இருந்துச்சு. ரொம்ப நேரம் ஈரத்துல ஊறினதுதான் காரணமா இருக்கும்னு அவங்க கருத்து. 15 செ.மீ. தூரத்துல டிரையரை ஆட்டிக்கிட்டே காய வைக்கிறது, தானா காய விடுறதை விட மேல்னு முடிச்சாங்க. 15 செ.மீ.ன்னா நீங்க கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரிச்சா வர்ற ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மி. அளந்துக்கங்க.

[காட்சி: சுவரில் இரண்டு சுவிட்ச் போர்டு. சின்ன பின், பெரிய பின்.]

இப்ப பிளக்குக்கு வருவோம். இதை எந்தக் கடையிலயும் சொல்ல மாட்டாங்க. ஹால்ல, ரூம்ல இருக்குற சின்ன பிளக் 6 ஆம்பியர். 230 வோல்ட்டால பெருக்கினா 1380 வாட்ஸ். அதுதான் அதோட எல்லை. 2000 வாட்ஸ் டிரையர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதைச் சின்ன பிளக்குல, அதுலயும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போட்டா பின் சூடாகி இளகிடும். 1600, 2000 வாட்ஸ் வேணும்னா பெரிய பின் சொருகுற பவர் பிளக் இருக்குற இடத்துல கண்ணாடியை மாட்டுங்க. "பவர் பிளக் பாத்ரூம்ல ஹீட்டருக்கு மட்டும்தான் இருக்கு"ன்னு சொல்லி அங்க நின்னு போடவே போடாதீங்க. ஈரக்கை, ஈரத்தரை, கையில கரன்ட்டு.

வோல்டேஜையும் பாருங்க. சாயங்காலம் ஃபேன் மந்தமாச் சுத்துற ஊர்னா, 190 வோல்ட்டுல உங்க 2000 வாட்ஸ் டிரையர் 1365 வாட்ஸ்தான் கொடுக்கும். சூடு வோல்டேஜோட வர்க்கத்துல, அதாவது அதை அதாலயே பெருக்கின கணக்குல குறையும், அதான். "டிரையர் சரியில்ல"ன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி, காலையில ஒரு தடவை போட்டுப் பாருங்க. வீட்டு இன்வெர்ட்டர்ல மட்டும் போடாதீங்க, ஃபேனும் லைட்டும் ஓட்டுற இன்வெர்ட்டருக்கு இது தாங்காது. கரன்ட் பில்லுக்குப் பயப்பட வேணாம். 1200 வாட்ஸ்ல பத்து நிமிஷம் போட்டா யூனிட்ல அஞ்சுல ஒரு பங்குதான்.

பெட்டி மேல மினுக்குற பேருங்க கொஞ்சம். செராமிக்னா சூடு ஒரே சீராப் பரவுறதுக்குப் பூச்சு, நல்லதுதான். டூர்மலின்கிறது ஒரு கனிமம், செராமிக்கோட சேர்த்துப் பூசுவாங்க. அயனிக், எதிர்மின் அயனியை ஊதி முடியில ஏறுற நிலைமின்சாரத்தைக் குறைக்கும். வறண்ட குளிர் ஊர்ல, சீப்பை எடுத்தா முடி விறைச்சுக்கிட்டு நிக்குமே, அங்க இதுக்கு மதிப்பு. நம்ம டெல்டாவுல வருஷத்துல முக்கால்வாசி நாள் காத்துலயே ஈரம், நிலைமின்சாரம் ஏறவே வழியில்ல. இருந்தா இருக்கட்டும், அதுக்காக ஆயிரம் ரூபா கூடக் குடுக்காதீங்க. டைசன் 2016ல நிமிஷத்துக்கு 1,10,000 சுத்து சுத்துற மோட்டாரோட டிரையர் கொண்டு வந்துச்சு. அதுக்கப்புறம் பிரஷ் இல்லாத வேக மோட்டார் வெச்ச மாடல் பல கம்பெனியிலயும் வருது. சூட்டைக் குறைச்சுக் காத்தால காய வைக்கிறது அதோட வழி. நல்ல வழி, ஆனா விலை கூட. அந்தக் காசுக்கு நான் ரெண்டு சுவிட்சும், அமுக்கினா குளிர்காத்து வர்ற 'கூல் ஷாட்' பட்டனும் உள்ள சாதா டிரையர் வாங்கிட்டு, மிச்சத்துல பவர் பிளக் போட எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவேன்.

[காட்சி: கடை கவுன்டர். டிரையர் ஓடுகிறது.]

கடையில கண்டிப்பா ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. அதிக சூடு, அதிக வேகம் வெச்சு, ஒரு சாண் தூரத்துல புறங்கையைக் காட்டுங்க. பத்து எண்ணுறதுக்குள்ள கையை இழுத்தீங்கன்னா அந்தச் சூடு உங்க தலைக்கு வேணாம், நடுச்சூட்டுல திரும்பப் பாருங்க. கூல் ஷாட்டை அமுக்கினா சில நொடியில காத்து ஆறணும். பின்பக்க வலை கழட்டுற மாதிரி இருக்கான்னு திருகிப் பாருங்க. அதுல பஞ்சும் முடியும் அடைச்சா டிரையர் நடுவுல தானா நின்னு போகும். உள்ள இருக்குற சூடு காப்பு சுவிட்ச் பாதுகாப்புக்கு நிறுத்துறது அது, ரிப்பேர் இல்ல. வலையைச் சுத்தம் பண்ணி, ஆறவிட்டுப் போட்டா ஓடும்.

வீட்டுக்கு வந்து முதல் தடவை போடும்போது லேசா ஒரு காந்தல் வாடை வரலாம், புதுக் கம்பியும் பூச்சும் சூடாகுறது. தலையில காட்டாம, ஜன்னல் பக்கமா ரெண்டு நிமிஷம் ஓட விடுங்க. மறு தடவையே போயிடும். ஒரு வாரம் கழிச்சும் அந்த வாடை வருதுன்னா, பிளக்கைப் பிடுங்கி, பில்லோட கடைக்கே திருப்பிக் கொண்டு போயிடுங்க.