அரும்பு அவிழும் பொழுது

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, நண்பர்களே, வணக்கம்.

அன்றாட அழகில் தெய்வத்தைக் காண்பது பற்றிப் பேச அழைத்தீர்கள். வரும் வழியில், பஸ் நிலையத்து வாசலில், பூக்கட்டும் அம்மா ஒருவரின் அருகில் வெகுநேரம் நின்றுவிட்டேன். நான் பேச வேண்டிய பொருள் அவர் மடியில் கிடந்தது.

நனைத்த வாழைநாரை நகத்தால் கிழித்துக்கொள்கிறார். இடது கை விரல்களுக்கு நடுவே இந்தப் பக்கம் இரண்டு அரும்பு, அந்தப் பக்கம் இரண்டு அரும்பு. காம்புகள் எதிரெதிராகப் படுக்கின்றன. நார் ஒரு சுற்றுச் சுற்றுகிறது, முடிச்சு விழுகிறது, ஓர் இழுப்பு. கொஞ்சம் இறுக்கினால் காம்பு அறுந்துபோகும், தளர்த்தினால் பூ உதிர்ந்துபோகும். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள பதம் அந்த விரல்களுக்கு மட்டும் தெரியும். கண்கள் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களின் முகத்தில் இருந்தன. முதலில் கட்டிய கண்ணியைக் கிள்ளித் தட்டின் ஓரத்தில் சாமிக்கென்று வைத்திருந்தார்.

மல்லிகையை வெயில் ஏறும் முன்னே அரும்பாகப் பறித்துவிடுகிறார்கள். அது விரிவது மாலையில்தான். ஆகவே அந்த அம்மா கட்டுவது இன்னும் பூவாகாத பூ. அதன் மணம் எழும்போது அது எந்தக் கூந்தலில் இருக்குமோ, எந்தப் படத்தின் மேல் தொங்குமோ, அவருக்குத் தெரியாது. மறுநாள் காலையில் வாடிவிடும் என்பது தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முடிச்சையும் அவ்வளவு பொறுப்பாகப் போடுகிறார். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மண்ணுக்குக் கிடைத்த அந்த மரியாதை, கட்டும் விரல்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

முருகு என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். அழகு, இளமை, மணம், தேன், தெய்வம் என இத்தனை பொருளும் அந்த ஒரே சொல்லுக்கு உண்டு. அழகை ஒரு பக்கமும் இறையை ஒரு பக்கமும் வைத்துவிட்டுப் பிறகு பாலம் கட்டும் வேலை நம் முன்னோருக்கு இருக்கவில்லை.

திருப்புகலூர் முருக நாயனார் செய்த தொண்டும் இதுதான். விடியும் முன் எழுந்து, மலரப்போகும் செவ்வி பார்த்து, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ எனப் பறித்து, கோவை, இண்டை, தாமம், கண்ணி, பிணையல், தொங்கல் என்று விதவிதமாகத் தொடுத்தார். பூக்கட்டிய கை என்பதற்காகவே அறுபத்து மூவரில் ஒருவராக அவரை வணங்குகிறோம். பஸ் நிலையத்து வாசலில் இருக்கும் கையிடமோ முழத்துக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்கிறோம். எனக்கு இது உறுத்துகிறது.

இன்னும் பெரிய உறுத்தல் ஒன்று உண்டு. என் பாட்டி இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். வீட்டில் எல்லோருக்கும் அவர்தான் பூக்கட்டுவார். ஒரு நாளும் தன் தலையில் ஒரு பூவை வைத்ததில்லை, வைக்க விடவில்லை. அழகைத் தெய்வமாக வணங்கிய அதே மண், அழகை ஒரு பெண்ணுக்கு மறுத்தது. அந்த வழக்கத்துக்கு எந்தச் சமாதானமும் சொல்ல நான் தயாராக இல்லை.

கல்லூரியில் நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டு பாடமாக நடந்தது. அதில் ஓயாத மழை, கதிரவன் மறைந்துகிடக்கிறான், பகலா இரவா என்று ஊருக்குத் தெரியவில்லை. அந்த நகரத்துப் பெண்கள் பூந்தட்டில் பறித்து வைத்த பிச்சி அரும்புகள் அவிழ்ந்து மணப்பதை வைத்து மாலைப்பொழுது வந்ததை அறிகிறார்கள். இரும்பு விளக்கில் நெய்யில் நனைந்த ஈரத் திரியை ஏற்றி, நெல்லும் மலரும் தூவிக் கைகூப்புகிறார்கள். பேராசிரியர் இதை விளக்கியபோது வகுப்பில் நான் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தேன். கண் நிறைந்துவிட்டது.

கடைசி ஆண்டுகளில் என் பாட்டிக்குப் பார்வை போய்விட்டது. அப்போதும் பூக்கட்டுவதை விடவில்லை. கட்டி முடித்த சரத்தைத் தட்டில் சுருட்டி வைத்து, ஈரத்துணி போட்டு மூடி, திண்ணையில் சாய்ந்திருப்பார். மழைக்கால நாட்களில் வெளிச்சத்தை வைத்து எங்களுக்கே நேரம் தெரியாது. திடீரென்று முகத்தைத் தட்டின் பக்கம் திருப்பி, ஒரு மூச்சு இழுத்து, உள்ளே குரல் கொடுப்பார்:

"பூ விரிந்துவிட்டது. விளக்கை ஏற்றுங்கள்."