முதலில் டூட்டிப் பட்டியலைத் திருத்துங்கள்

வணக்கம். ஐசியூவில் வேலை பார்க்கிறவர்களும் அவர்களுக்கு டூட்டி போடுகிறவர்களும் ஒரே அரங்கில் இருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஒரு மருத்துவர் சோர்ந்துபோனால் 'அவருக்கு மனவலிமை போதாது' என்று சொல்லிவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் இந்தச் சோர்வை, அதாவது 'பர்ன்அவுட்'டை, நோயாகச் சேர்க்கவில்லை. சரிவரக் கையாளப்படாமல் நீடிக்கும் வேலையிட அழுத்தத்தின் விளைவு என்றது. சக்தி வற்றிப்போவது, வேலைமீது கசப்பு, 'என்னால் ஒன்றும் ஆகவில்லை' என்ற நினைப்பு, இவை அதன் அடையாளங்கள். நோயாளியைப் படுக்கை எண்ணால் சொல்வது எல்லா ஐசியூவிலும் உள்ள பழக்கம்தான். பெயரைக் கேட்டால் நினைவுக்கே வரவில்லை, வராதது உறுத்தவும் இல்லை என்றால் கவனியுங்கள்.

பெருந்தொற்றுக் காலத்தில் வேலையின் தன்மையே மாறிவிடுகிறது. நுரையீரல் மோசமான நோயாளியை நாளுக்குப் பதினாறு மணி நேரமாவது குப்புறப் படுக்க வைக்க வேண்டும். ஒருவரைத் திருப்ப நான்கைந்து பேர் வேண்டும். அதில் ஒருவருக்குத் தலையையும் மூச்சுக்குழாய்க்குள் போகும் டியூபையும் பிடிப்பது மட்டுமே வேலை. கவச உடைக்குள் வியர்வை, கண்ணாடியில் ஆவி, தண்ணீர் குடிக்க வழியில்லை.

அதற்குப் பிறகு ஃபோன். குடும்பத்தார் உள்ளே வர முடியாது. மாஸ்க்கும் முகத்தை மூடும் பிளாஸ்டிக் கவசமும் குரலை அமுக்குவதால், இறப்புச் செய்தியைக்கூடக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதை மாற்றலாம். அழைப்பை வார்டுக்குள்ளிருந்து செய்யாதீர்கள். கவச உடையைக் கழற்றி, மூடிய அறையில் உட்கார்ந்து பேசுங்கள். கூட ஒருவர் இருக்கட்டும். பேசி முடித்ததும் பத்து நிமிடம் வேறு வேலை கொடுக்காதீர்கள்.

கடைசி வென்டிலேட்டர் யாருக்கு என்ற முடிவைப் படுக்கையருகே நிற்பவர் தலையில் கட்டாதீர்கள். சிகிச்சையில் நேரடியாக இல்லாத மூத்தவர்கள் இரண்டு மூன்று பேர், முன்கூட்டியே எழுதிவைத்த அளவுகோலைப் பார்த்து முடிவெடுக்கட்டும். சரியானது எதுவென்று தெரிந்தும் அதைச் செய்ய முடியாமல் போகும் வேதனைக்கு மருத்துவ அறவியல் அறிஞர் ஆண்ட்ரூ ஜேமிட்டன் 1984-இலேயே பெயர் வைத்தார்: அறவேதனை. விடுமுறையில் தூங்கி எழுந்தால் களைப்பு குறையலாம், இந்த வேதனை அப்படிக் குறைவதில்லை.

தூக்கத்துக்கும் கணக்கு உண்டு. பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. மூச்சுக்குழாயில் டியூப் செருகத் தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பை அவர் கையில் கொடுக்கிறோம்! இரவு டூட்டியில் இருபது நிமிடத் தூக்கத்தைப் பட்டியலிலேயே எழுதுங்கள். நேரம் நீண்டால் ஆழ்ந்த தூக்கத்தில் எழுப்ப வேண்டிவரும். எழுந்தபின் கொஞ்ச நேரம் மூளை மந்தமாக இருக்கும். களைத்தவர் கவச உடையைக் கழற்றும்போதும் தப்பு நேரும், ஆகவே கழற்றும் வரிசையை ஒருவர் வாசிக்க, மற்றவர் கழற்றட்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மரணம் நடந்த மறுநாளே எல்லாரையும் உட்காரவைத்து 'மனசில் இருப்பதைச் சொல்லுங்கள்' என்று கட்டாயப்படுத்துவது பலன் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யும். சாப்பிட்டாரா, தூங்கினாரா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள், போதும். மனநல ஆலோசகரைப் பார்க்கும் நேரம் டூட்டி நேரத்துக்குள் வர வேண்டும். பார்த்தது பணிக்கோப்பில் ஏறக் கூடாது. ஆலோசகருடைய அறைக்குக் கண்காணிப்பாளர் அறை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால், யாரும் போக மாட்டார்கள்.