ராஸ்பெரி பை 7 இன்ச் ஸ்க்ரீனைக் கண்டுக்கலையா? – சந்தேகமும் விளக்கமும்

அடுத்த கேள்வி. ராஸ்பெரி பைங்கற குட்டிக் கம்ப்யூட்டரைப் பத்தி ஒரு தம்பி விவரமா அனுப்பியிருக்கார், படிக்கிறேன். "அண்ணா, ராஸ்பெரி பை 4-ல 7 இன்ச் எச்டிஎம்ஐ ஸ்க்ரீன் மாட்டியிருக்கேன். ஸ்க்ரீன் 1024-க்கு 600. பல தடவை ஆன் பண்ணினா 'நோ சிக்னல்'தான் வருது. எப்பவாவது படம் வந்தாலும் எழுத்தெல்லாம் பொடிப்பொடியா, மங்கலா இருக்கு. அதே பையை வீட்டு டிவியில மாட்டினா பளிச்சுனு வருது. ஸ்க்ரீன் போயிடுச்சா?"

அவசரப்பட்டு ஸ்க்ரீனைத் திருப்பி அனுப்பிடாதீங்க தம்பி. நீங்க சொன்னதுல ரெண்டு தனித்தனிக் கோளாறு இருக்கு. ஒண்ணு, ஸ்க்ரீன் மாட்டியிருக்குங்கறதே பைக்குத் தெரியல. இன்னொண்ணு, மாட்டியிருக்குன்னு தெரியுது, ஆனா அதோட அளவு தப்பாத் தெரியுது. இதைப் பிரிச்சுப் பார்க்காமத்தான் நிறைய பேர் கேபிளை மாத்தி, ஓஎஸ்ஸை மாத்தி அலையறாங்க.

முழு அளவு எச்டிஎம்ஐ பிளக்ல மொத்தம் 19 பின். 18-வது பின் வழியா பை 5 வோல்ட் அனுப்பும். ஸ்க்ரீன் அதை 19-வது பின்ல திருப்பிக் காட்டணும். இதுக்குப் பேரு ஹாட் பிளக். அது வந்தப்புறம்தான் பை, 15, 16 ரெண்டு பின் வழியா ஸ்க்ரீனுக்குள்ள இருக்கற ஈடிஐடி-ங்கற தகவலைப் படிக்கும். குறைஞ்சது 128 பைட். நான் யாரு, எந்தெந்த ரெசல்யூஷன் எனக்கு ஒத்துக்கும்னு அதுல எழுதியிருக்கும். பை நம்பறது அந்த 128 பைட்டைத்தான்.

நல்ல டிவின்னா ஸ்டேண்ட்பைல இருந்தாலும் அந்த 5 வோல்ட்டை வெச்சே பதில் சொல்லிடும். விலை குறைஞ்ச ஸ்க்ரீன் போர்டுகள் சிலது, தான் முழுசா ஆன் ஆனப்புறம்தான் 19-வது பின்னைத் தூக்கும். பையும் ஸ்க்ரீனும் ஒரே அடாப்டர்ல ஓடுதுன்னா ரெண்டும் ஒரே நேரத்துல எழுந்திருக்கும், பை கேட்கற நேரத்துல ஸ்க்ரீன் தயாரா இருக்காது. சில சமயம் வருது, சில சமயம் வரலன்னா நான் முதல்ல சந்தேகப்படறது இதைத்தான்.

இப்ப அந்தப் பொடி எழுத்து. ஈடிஐடி-ல ஸ்டாண்டர்ட் டைமிங்னு ஒரு சின்னப் பட்டியல் உண்டு. அதுல 16:10, 4:3, 5:4, 16:9, இந்த நாலு விகிதத்தைத்தான் எழுத முடியும். 1024-க்கு 600 இந்த நாலுல எதுலயும் அடங்காது. அதைத் தனியா டீடெய்ல்ட் டைமிங்ல எழுதணும். அந்த மெனக்கெடலைச் செய்யாம 1080 டிவியோட தகவலையே போட்டு வித்தாங்கன்னா, பை நம்பி 1920-க்கு 1080 அனுப்பும். போர்டு அதைக் கசக்கி 600 வரிக்குள்ள திணிக்கும். எழுத்து மங்காம என்ன செய்யும்?

ஸ்க்ரீன்ல படம் வராமலே இதைச் சோதிக்கலாம், கேபிள் மட்டும் மாட்டியே இருக்கட்டும். லேப்டாப்லேர்ந்து எஸ்எஸ்எச் போட்டு, அதாவது நெட்வொர்க் வழியா, பைக்குள்ள போங்க. சிஸ், கிளாஸ், டிஆர்எம் ஃபோல்டர்ல எச்டிஎம்ஐ-ஏ-1-னு முடியற ஃபோல்டர் இருக்கும். அதுல ஸ்டேட்டஸ் ஃபைலைத் திறந்து பாருங்க. 'டிஸ்கனெக்டட்'னு இருந்தா ஹாட் பிளக் வரல. 'கனெக்டட்'னு இருந்தா பக்கத்துலயே இருக்கற ஈடிஐடி ஃபைல்ல எத்தனை பைட்னு எண்ணுங்க. இங்க கவனம், எல்எஸ்-ங்கற கமாண்ட் போட்டுப் பார்த்தா எப்பவும் 0-ன்னுதான் காட்டும். டபிள்யூசி மைனஸ் சி போடுங்க. 128 அல்லது 256 வந்தா படிக்க முடியுதுன்னு அர்த்தம். கனெக்டட்னு சொல்லிட்டு 0 வந்தா, 15, 16 பின் லைன்ல பிரச்சினை. அப்ப பையோட சின்ன எச்டிஎம்ஐ போர்ட்ல மாட்டற மைக்ரோ எச்டிஎம்ஐ அடாப்டரையோ கேபிளையோ மாத்திப் பாருங்க.

ஹாட் பிளக் வரலன்னாலும், அளவு தப்பாத் தெரிஞ்சாலும், 1024-க்கு 600-தான் அனுப்பணும்னு பையைக் கட்டாயப்படுத்தணும். பழைய வீடியோக்கள்ல கான்ஃபிக் ஃபைல்ல எச்டிஎம்ஐ குரூப், மோடுன்னு எழுதச் சொல்வாங்க. இப்போதைய ராஸ்பெரி பை ஓஎஸ்ல டிஸ்பிளேவை லினக்ஸ் டிரைவரே பார்த்துக்குது, அதனால அந்த வரிகள் வேலை செய்யாது. பூட், ஃபர்ம்வேர் ஃபோல்டர்ல, பை ஆன் ஆகும்போது படிக்கற சிஎம்டிலைன் ஃபைலைத் திறங்க. அதுல இருக்கறது ஒரே வரிதான், என்டர் தட்டவே கூடாது. கடைசியில ஒரு ஸ்பேஸ் விட்டு, வீடியோ ஈக்வல்ஸ் எச்டிஎம்ஐ-ஏ-1, கோலன், 1024 எக்ஸ் 600, எம், அட் 60, டி. எம்மும் டியும் கேப்பிடல். ஸ்க்ரீன்ல எழுதிக் காட்டறேன், பாருங்க. அந்த டி இருந்தா, ஹாட் பிளக் வரலன்னாலும் பை படம் அனுப்பிடும்.

சேவ் பண்ணி ரீபூட் கொடுங்க. அப்பவும் இருட்டுன்னா ஸ்க்ரீனுக்குத் தனி அடாப்டர் கொடுத்து, அதை முதல்ல ஆன் பண்ணிட்டு அப்புறம் பையை ஆன் பண்ணுங்க. கேபிள் எந்த போர்ட்ல இருக்குன்னும் பாருங்க. நான் சொன்ன வரி பவர் சாக்கெட்டுக்குப் பக்கத்துல இருக்கற போர்ட்டுக்கு. அடுத்த போர்ட்ல மாட்டியிருந்தா ஏ-1-ங்கறதை ஏ-2-ன்னு மாத்திக்கோங்க.