ஏற்ற வாயில் இரண்டு: கோடைகால நாடகப் பயிற்சி முகாம் தொடக்க உரை

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியர் அவர்களே, மீனவர் சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே, ஜமாத் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களே, தேவிபட்டினத்திலிருந்தும் உச்சிப்புளியிலிருந்தும் வந்திருக்கும் நாடகக் கலைஞர்களே, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் வலை கோக்கவும் படகுக்கு வர்ணம் அடிக்கவுமே பொழுது பற்றாது. அதை விட்டுவிட்டு இந்தப் பந்தலைப் போட்டுக் கொடுத்த சங்கத்து இளைஞர்களுக்கு என் முதல் நன்றி. மைக் செட்டுக்கு வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்ட தம்பிக்கும் நன்றி. தலைமையாசிரியர் அவர்கள் போர்த்திய பொன்னாடையை இங்கே வந்திருக்கும் மூத்த ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேடம் கட்டும் அம்மாவுக்கு அணிவிக்கிறேன். அது அவர்களுக்கு உரியது.

பிள்ளைகளே, மூன்று செய்தி சொல்ல வந்தேன். ஒன்று மேடை, இரண்டு மேடையில் வரும் பாத்திரங்கள், மூன்று மெய்ப்பாடு, அதாவது மனத்தின் உணர்ச்சி உடம்பில் தெரிவது. எங்கள் அப்பத்தா அடிக்கடி சொல்லும், ‘ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்’ என்று. ஆடத் தெரிய வேண்டும் என்றால் முதலில் கூடத்தைத் தெரிய வேண்டும். அதனால் மேடையிலிருந்தே தொடங்குகிறேன்.

சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை என்று ஒரு பகுதி. மாதவி ஆடிய மேடைக்கு இளங்கோவடிகள் அங்கே அளவு சொல்கிறார். 24 விரல் கொண்டது ஒரு கோல். அந்தக் கோலால் அகலம் 7, நீளம் 8, மேடையின் உயரம் 1. திரை மூன்று வகை: ஒரு பக்கத்திலிருந்து இழுப்பது ஒருமுக எழினி, இரண்டு பக்கமும் வந்து நடுவில் சேர்வது பொருமுக எழினி, மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. தூணின் நிழல் ஆடுகிறவர் மேல் விழாதபடி விளக்கை வைத்தார்கள். இத்தனைக்கும் நடுவே ஒரு வரி வருகிறது. ‘ஏற்ற வாயில் இரண்டுடன் பொலிய.’ உள்ளே வர ஒரு வாயில், வெளியே போக ஒரு வாயில். இதை நோட்டில் எழுதி அடிக்கோடு போடுங்கள். திரும்ப வருகிறேன்.

இனி பாத்திரங்கள். வடமொழி நாடகத்தில் நாந்தி என்ற வாழ்த்து முடிந்ததும் சூத்திரதாரர் வந்து கதையைத் தொடங்கி வைப்பார். நாயகனுக்குத் தோழனாக விதூஷகன் வருவான், சிரிக்க வைப்பான். தெருக்கூத்தில் கட்டியங்காரன். நம் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் பபூன். கதாநாயகனாக வரும் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், டான்ஸ் என்று மற்றவர்களும், ஓரத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், தாளமும் சத்தமும் கொடுக்கும் ஆல்ரவுண்டும் உங்களுக்கே தெரியும். இதற்கெல்லாம் பாட்டும் வசனமும் எழுதி வைத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் பிறந்து 1922இல் மறைந்தவர். வள்ளி திருமணமும் பவளக்கொடியும் இன்றைக்கும் அவர் போட்ட தடத்தில்தான் ஓடுகின்றன.

மரபு என்பது நடிப்பவரும் பார்ப்பவரும் செய்துகொண்ட உடன்பாடு. மேடையை ஒரு சுற்று சுற்றி வந்தால் ஊர் மாறிவிட்டது என்று ஒப்புக்கொள்கிறோம். மூன்று விரல் நீட்டி மோதிர விரலை மடக்கினால் அது திரிபதாகம் என்ற கை முத்திரை. அந்தக் கையை முகத்துக்குப் பக்கத்தில் மறைப்பாக வைத்துப் பேசினால், அதே மேடையில் நிற்கும் மற்றவருக்கு அது கேட்கவில்லை. யாரிடம் பேசுகிறாரோ அவருக்கும் நமக்கும் மட்டும் கேட்கும். ஸ்பெஷல் நாடகத்தில் இன்னும் பெரிய உடன்பாடு உண்டு: ஒத்திகையே கிடையாது. மதுரையிலிருந்து ஒருவர், புதுக்கோட்டையிலிருந்து ஒருவர் வருவார்கள். மேடையில் சந்தித்துத்தான் தர்க்கம்.

அந்தத் தர்க்கம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நம் கடற்கரையில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். சித்திரைத் திருவிழா, வள்ளி திருமணம். கலையரங்கம் புதுசு. மூன்று பக்கமும் சுவர், முன்பக்கம் மட்டும் திறப்பு, மேலே தகரம். பின்னால் அறை இல்லை, வழி இல்லை. வள்ளியாக வந்த அம்மா வேடம் போட்டது எங்கே தெரியுமா? சவுண்ட் சர்வீஸ் வேனுக்குப் பின்னால். பைக் ஹேண்டிலில் கண்ணாடியைத் தொங்கவிட்டு, வாயில் ஊசிகளைக் கடித்தபடி ஜடை வைத்துக்கொண்டிருந்தார்கள். கடல்காற்று, மறைப்பு நிற்கவில்லை. கூட்டத்திலிருந்து நாலு தாய்மார் எழுந்து போய்ச் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மணி பன்னிரண்டு. பிறகு வள்ளி பாய்களுக்கு நடுவே, தூங்குகிற பிள்ளைகளை மிதிக்காமல் நடந்து வந்து, முன்பக்கப் படி ஏறினார்கள்.

ராஜபார்ட்டின் கார் வழியில் பழுது. முருகன் வரவில்லை. நாரதரும் வள்ளியும்தான் இரவைத் தள்ள வேண்டும். திருக்குறளில் கேள்வி, பதில். கந்தபுராணத்தில் கேள்வி, பதில். ஆர்மோனியக்காரர் சுருதியை ஏற்ற ஏற்ற இரண்டு பேரும் விடவில்லை. மணி இரண்டு ஆயிற்று. அப்போது நாரதர் மேடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தினைப்புனத்தைச் சுற்றி வேலி பலமாக இருக்கிறது. வாசலைக் காணோமே, நீ எப்படியம்மா உள்ளே வந்தாய்?” வள்ளி யோசிக்கவே இல்லை. “வாசல் வைக்க மறந்த ஊருக்கு நான் வாழ்க்கைப்பட மாட்டேன் சாமி!” கைத்தட்டலும் விசிலும் அடங்க வெகுநேரம் ஆயிற்று. சேலை பிடித்த நாலு தாய்மாரும் எழுந்து நின்றே கைதட்டினார்கள். முருகன் மூன்று மணிக்கு வந்து வேலைக் கையில் எடுத்தார், பொழுது விடியத் திருமணம் முடிந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் பக்கத்தில் ஆடத் தெரிந்தவளுக்குத்தான் கூடம் கோணலாக இருக்கிறது! அன்றைக்கே வாயில் இரண்டு என்று எழுதி வைத்த நாட்டில், சிமெண்டும் கம்பியும் போட்டுக் கட்டும் மேடையில் ஒரு வாயில்கூட இல்லை. ராத்திரி முழுக்க நமக்காக நிற்கும் பெண்ணுக்கு மாற்றுடை உடுத்த ஓர் அறையும் கழிப்பறையும் இல்லை. இதைச் சொன்னால் ‘இப்ப யார் நாடகம் பாக்குறா, எல்லாம் ஆடல் பாடல்தான்’ என்கிறார்கள். ஆடல் பாடலுக்கு வரும் பெண்ணும் உடை மாற்றத்தானே வேண்டும்? பள்ளி ஆண்டு விழாவில் நம் பிள்ளைகளே வேப்பமரத்தடியில் உடை மாற்றவில்லையா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கலைஞரைக் குறை சொல்வதற்கு முன், கூடம் கட்டியவர்கள் கணக்குச் சொல்ல வேண்டும்.

மெய்ப்பாடு எட்டு என்று தொல்காப்பியம் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இதைக் கலைஞர்கள் நாளைக்கு உங்களுக்கு நடித்தே காட்டுவார்கள். முகம், பிரதிமுகம் என்று தொடங்கும், கதை வளரும் கட்டங்களான சந்தி ஐந்தையும் தமிழாசிரியர் நடத்துவார். தலைவர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், மதியச் சாப்பாடும் வந்துவிட்டது.

அம்மா அவர்களிடம் ஒரே வேண்டுகோள். மே 1 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும்: நம் ஊர்க் கலையரங்கத்தில் பின்சுவரை உடைத்து இரண்டு வாயில், தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, தண்ணீர் வரும் ஒரு கழிப்பறை. பிள்ளைகளே, சாப்பிட்டதும் டேப்பை எடுத்துக்கொண்டு போய் மேடையை அளந்து வாருங்கள். அந்த அளவை மனுவோடு இணைக்க வேண்டும். மனு பந்தல் வாசலில் மேசை மேல் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறோம். தாய்மார்கள் முதலில் கையெழுத்துப் போடுங்கள்.